எதிர்கால வட்டும் சீர் மாவும்

உலக இசையின் எதிர்காலம் 1999 டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பீளமேட்டில் நரசிம்மலு அவர்களின் வீட்டு மாடியில் தீர்மானிக்கப்பட்டது. ஜப்பான்காரர்கள் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது அவர்கள் பாடு.

கோவை உயர்நுண் ஒலி வட்டுப் பேரவையின் செயலாளர் என்ற முறையில் அன்று நடந்ததைப் பதிவு செய்வது என் கடமை. பேரவையில் ஒன்பது பேர். தலைவர் நரசிம்மலு பம்ப்செட் கம்பெனி முதலாளி. முப்பது வருடம் மோட்டார் சத்தத்துக்கு நடுவே நின்ற காது என்பதால், 'நுண்ணிய' வேறுபாடுகளை அவர்தான் எங்களுக்குச் சொல்லுவார். துணைத் தலைவர் பீர் முகம்மது உக்கடத்தில் ரேடியோக் கடை வைத்திருக்கிறார். புதிய வட்டுகளில் எது வெல்லும் என்று எட்டு மாதம் விவாதித்தோம். சூப்பர் ஆடியோ சிடி என்று ஐந்து பேர், டிவிடி ஆடியோ என்று நான்கு பேர். இரண்டையும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நடுநிலைமை கெட்டுப்போயிருக்கும்.

ஜப்பானிலிருந்து தலைவரின் மருமகன், ஒரு பெண்மணியின் வீணைக் கச்சேரி அடங்கிய சூப்பர் ஆடியோ வட்டு ஒன்றை அனுப்பியிருந்தார். அதைப் போடும் பெட்டியை அனுப்பவில்லை.

"நம்ம டிவிடி பெட்டி இருக்குதுங்களே, அதுல போட்டாப் போச்சு. வட்டுன்னா வட்டுதானுங்க," என்றார் தலைவர்.

பீர் முகம்மது வாயைத் திறந்தார். தலைவர் சொன்ன பிறகு மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. மூடிக்கொண்டார்.

மின்விசிறியை நிறுத்தினோம். ஃபிரிட்ஜை நிறுத்தினோம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் வைத்தோம். அப்படியும் ஓர் உறுமல் கேட்டது. பக்கத்து வீட்டு மாசாணியம்மாளின் கிரைண்டர். மாவு ஆட்டி விற்பவர். டேப் ரெக்கார்டர் பாடும், அவரும் சேர்ந்து பாடுவார்.

தலைவர் மாடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, கிரைண்டரக் கொஞ்சம் நிறுத்திப்போடுங்க. பத்தே நிமிசமுங்க."

"பதினோரு மணிக்குக் கரண்ட நிறுத்தறாங்களாமுங்க. அஞ்சு மணிக்குத்தான் வருமாமுங்க. நாளைக்கு ஒரு சீர் விருந்துக்கு நூறு பேத்துக்கு மாவுங்க. நாலு மணிக்கு வந்து எடுத்துக்குவாங்க. இத்தன பெரிய ஆர்டர் எனக்கு இப்பத்தானுங்க மொத மொத."

"இசை சம்பந்தப்பட்ட காரியமுங்க."

"இத்தன மருவாதையாக் கேக்கறீங்க. செரிங்க," என்று கிரைண்டரை நிறுத்தினார். பாட்டையும் நிறுத்தினார்.

வட்டை உள்ளே தள்ளினேன். பெட்டியின் முகப்பில் 'நோ டிஸ்க்' என்று ஏதோ எழுத்து மின்னியது. வெளிச்சம் செவியைக் கெடுக்கும் என்பதால் துண்டைப் போட்டு மூடினேன். அனைவரும் கண்களை மூடினோம்.

ஆகா! ஒரு கீறல் இல்லை, ஓர் இரைச்சல் இல்லை.

"வீணை வாசிக்கறதுக்கு முன்னால அந்தம்மா உடற மூச்சு கேக்குதுங்களா?" என்றார் தலைவர்.

"கேக்குதுங்க," என்றோம்.

பீர் முகம்மது சற்றுத் தயங்கி, "நல்லாவே கேக்குதுங்க," என்றார். டிவிடி கட்சிக்காரர்கள் நால்வரும் கண் கலங்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள்.

பத்து நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாயிற்று. மாடிப்படியில் மாசாணியம்மாள் வந்து நின்றார். முழங்கை வரை உளுந்து ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, கரண்டு போயிக் கால் மணி நேரமாச்சுங்க. எதைக் கேட்டுட்டு இருக்கறீங்க?"

துண்டை எடுத்துப் பார்த்தேன். பெட்டி இருண்டு கிடந்தது. தலைவர் அசரவில்லை. "கரண்டு போனதே தெரியாத அளவுக்குத் துல்லியமுங்க. எழுதிக்கோங்க," என்றார். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டேன்.

"அப்ப என்ர மாவுங்க?"

அது நிகழ்ச்சி நிரலில் இல்லை. அவர் இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில் கீழே ஆட்டுக்கல் உருளத் தொடங்கியது. பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டர் பாடியது. மூச்சு வாங்க, அவரும் பாடினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்தில் பேரவையின் காதில் விழுந்த முதல் பாட்டு அதுதான்.

"வட்ட இன்னொருக்காக் கேக்கலாமுங்க. கரண்டு வேண்டியதில்லீன்னு தெரிஞ்சுபோச்சே," என்றார் தலைவர். "அந்த இரைச்சல மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

செயலாளர் நான்தான் போனேன். வெகு மரியாதையாகச் சொன்னேன்.

மாசாணியம்மாள் டேப் ரெக்கார்டரை அணைத்தார். "பாட்ட நிறுத்திப்போட்டனுங்க. கையையும் நிறுத்தோணுங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

அன்று பீளமேட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளை இரண்டு முறை நிறுத்திய பெருமை, இசை ரசிகர்களாகிய எங்களையே சேரும்.