பெரிய வெள்ளியும் ஓவசியரின் இன்சுலினும்

என் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், கோயில் பங்குச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாய் நிறைய மீன் தின்றேன் என்பது அது. தின்றேன். மறுக்கவில்லை. ஆனால் தின்றதை மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள், ஏன் தின்றேன் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. மன்னாரில் ஒரு கதை ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் அதன் காரணம் கழன்று விழுந்துவிடும். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

காரணத்தின் பெயர் ஓவசியர். எங்கள் பூனை. தெருப்போடுகிற இடத்தில் தான் ஒரு கல்லும் தூக்காமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பாரே ஒருவர், அவரைப் போலவே இது என் மனைவி மெற்றில்டா மீன் வெட்டும்போது பக்கத்தில் வந்து நிற்கும். பெயர் அப்படி அமைந்துவிட்டதால் வீட்டில் 'அவர்' என்று மரியாதையாகத்தான் பேசுவோம். அந்த மரியாதையை அவர் ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை.

ஒன்பதாவது வயதில் ஓவசியர் தண்ணீராகக் குடிக்கத் தொடங்கினார். கிணற்றடி வாளிக்குள் தலையை விட்டால் எடுப்பதே இல்லை. தின்பது இரண்டு பங்கு, உடம்பு பாதியாகிவிட்டது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இளம் பெண், பொறுமைசாலி. இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இவருக்குச் சலரோகம். காலமையும் பின்னேரமும் இன்சுலின் போடவேணும். வீட்டிலயே சுகர் பாக்கவும் பழகவேணும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. (எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். இருபது வருடத்துக்கு மேலாகப் பத்தாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கிறவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பீர்கள்?)

"டொக்டர், இவர் சீனி தின்னுறதில்லை. தொதல் தின்னுறதில்லை. ஒரு பிளேன்ரீ கூடக் குடிச்சதில்லை!"

"பூனைக்குச் சீனி தின்றுதான் வரவேணுமெண்டில்லை, மாஸ்டர்" என்று சிரித்தார் அவர்.

மருந்துக்கடையில் வைத்தியர் எழுதித் தந்த துண்டை நீட்டினேன். அங்கே நின்ற அம்மா, "ஆருக்கு? எத்தனை வயசு?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். "ஐயோ, குஞ்சுப் பிள்ளை! பள்ளிக்கூடம் போறவரோ?" என்று கண் கலங்கினார். "இல்லை, அலுமாரிக்கு மேல படுத்திருப்பார்" என்றேன். உண்மையைச் சொன்ன என்னை அந்த அம்மா பார்த்த பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஊசி போடுவதுகூடப் பரவாயில்லை. கழுத்துத் தோலைத் தூக்கி மெல்லிய ஊசியால் ஒரு குத்து, அவருக்குத் தெரியவே தெரியாது. சுகர் பார்ப்பதுதான் யுத்தம். சுடுதண்ணீரில் நனைத்த துணியால் காதைச் சூடாக்கி, ஓரத்தில் குத்தி, வருகிற பொட்டு இரத்தத்தை மெசினின் சின்னப் பட்டியில் ஒற்ற வேண்டும். மெற்றில்டா அவரைத் துவாயில் சுற்றிப் பிடிப்பாள், நான் குத்துவேன். முதல் கிழமையில் நான் குத்தியதில் பாதி, காதைத் தாண்டி என் பெருவிரலில்தான் இறங்கியது. ஒருநாள் சுகர் அருமையாகக் குறைந்திருக்கிறது என்று துள்ளிக் குதித்து வைத்தியருக்குச் சொல்லிவிட்டேன். பிறகுதான் பார்த்தால் அது என்னுடைய இரத்தம். எனக்குச் சலரோகம் இல்லை என்பது அப்படித்தான் எங்கள் குடும்பத்துக்குத் தெரியவந்தது.

ஆனாலும் மூன்று கிழமையில் கை பழகிவிட்டது. வரைபுத்தாளில் கோடு கீறி, நேரம், சுகர், ஊசியின் அளவு என்று குறித்து வைத்தேன். வைத்தியர் ஒரேயொரு சட்டம்தான் போட்டிருந்தார். முதலில் சாப்பாடு, சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஊசி. வெறும் வயிற்றில் இன்சுலின் போனால் சுகர் அடிமட்டத்துக்கு விழுந்து ஆளே போய்விடுவார். இதை மெற்றில்டா சிவப்புப் பேனையால் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். என்னை என்ன, முதலாம் ஆண்டுப் பிள்ளை என்று நினைத்தாளோ என்று அதற்கும் கோபம் வந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். அப்போது நான் பங்குச் சபைச் செயலாளர். குருத்தோலை ஞாயிறு பூசை முடிவில், பெரிய வெள்ளி ஒருசந்தி, சுத்தபோசனம், அதாவது ஒருநேரச் சாப்பாடு, இறைச்சி கூடாது என்று ஒரு வரி அறிவிக்கச் சொன்னார் பாதர். நான் என் சொந்தச் சரக்கில் பத்து நிமிடம் சேர்த்தேன். "இறைச்சிதானே கூடாது, மீன் தின்னலாமெண்டு சிலபேர் சட்டம் கதைக்கினம். எங்கட தாய் தேப்பன் அண்டைக்கு மீன் தொட்டவையோ? வீட்டில மீன் வாசமே இருக்கப்படாது. பிரிட்ஜுக்குள்ளயும் இருக்கப்படாது!" கோயில் ஒலிபெருக்கி அதைக் கடைத்தெரு வரைக்கும் கொண்டுபோனது. பின்னால் பாதர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பெரிய வெள்ளி காலை மெற்றில்டா மகளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வெள்ளெனப் போய்விட்டாள். பதினாலு நிலைகளில் நின்று செபிக்கும் சிலுவைப்பாதை ஊர்வலம் பத்து மணிபோல் எங்கள் தெருவால் வரும். ஒன்பதாம் நிலை எங்கள் வாசல் படலையடியில், வாசிப்பது நான். வெள்ளை வேட்டி கட்டி ஆயத்தமானேன். ஏழு மணிக்கு ஓவசியரின் சுகர் முன்னூற்றிருபத்திரண்டு. அவர் கதிரையில் அரைத் தூக்கத்தில், கழுத்தை வாகாகக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஊசியை இப்போதே போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிறகு வைத்தால் என்ன? மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. ஒழுங்கு மாறினால் விடை மாறாது. போட்டுவிட்டேன்.

பிரிட்ஜைத் திறந்தேன். பூசணிக்காய் இருந்தது. முருங்கையிலை இருந்தது. ஓவசியரின் அவித்த மீன் பெட்டி இல்லை. கருவாட்டுப் பேணியும் இல்லை. மெற்றில்டாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"எல்லாத்தையும் நேற்றே அயல்வீட்டுக்குக் குடுத்திட்டன், அவையும் ராவே தின்று முடிச்சிட்டினம்" என்று கோயிலுக்குள்ளிருந்து குசுகுசுத்தாள். "நீங்கள்தானே பிரிட்ஜுக்குள்ளயும் இருக்கப்படாதெண்டு பேசினீங்கள்? அவருக்கு முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கிறன். தின்னாட்டி ஊசி போடவேண்டாம், என்ன?"

"போட்டிட்டன்."

"கதவில ஒட்டினதை வாசிக்கேல்லையோ?" என்றாள். வாசிப்பதற்கென்றே நேர்ந்துவிட்ட மனிதனிடம் கேட்கிற கேள்வி!

ஓவசியர் முட்டையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினார். பாலும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். எட்டரைக்கு நூற்றெண்பது. ஒன்பதுக்கு நூற்றுநாலு. ஒன்பதேகாலுக்கு எழுபத்தொன்று. எழும்பி நடந்தவர் கால் பின்னிச் சரிந்து இருந்தார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. வைத்தியரை அழைத்தேன். "சீனித் தண்ணியை முரசில, பல்லடியில தடவுங்கோ. ஆனா அது கொஞ்ச நேரத்துக்குத்தான் நிக்கும், மாஸ்டர். அரை மணித்தியாலத்துக்குள்ள வயித்துக்குள்ள சாப்பாடு போகவேணும்." தடவினேன். கடித்தார். கடிக்கப் பலம் இருக்கிறதே என்று சந்தோசப்பட்டேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் சந்தைக்கு ஓடினேன். எங்கள் ஆட்கள் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை, சந்தை கழுவித் துடைத்துக் கிடந்தது. திரும்பி நசீர் நானாவின் கடைக்கு வந்தேன். அந்த வருடம் தவக்காலமும் நோன்பு மாதமும் ஒன்றாக வந்திருந்தன. வாசல் நிழலில் நின்ற கழுதையைத் தள்ளிவிட்டு உள்ளே போய், "நானா, ஒரு ரின் மீன். கெதியா!" என்றேன்.

நானாவின் கை தட்டுக்குப் போய், பாதியில் நின்றது. "மாஸ்டர், இண்டைக்கு உங்களுக்குப் பெரிய வெள்ளியெல்லோ?"

"தெரியும். பூனைக்கு."

"காலமையிலிருந்து பூனைக்கெண்டு கேட்ட மூண்டாவது ஆள் நீங்க. மற்ற ரெண்டு பேருக்கும் நான் குடுக்கேல்ல."

"என்னட்ட உண்மையாவே பூனை இருக்கு, நானா!"

"இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீங்க பேசினது இஞ்ச வரைக்கும் கேட்டது. நல்லாப் பேசினீங்க. நானும் நோன்பு, நீங்களும் நோன்பு. ஒரு நோன்பாளி மற்ற ஆள்ட நோன்பை முறிக்க உதவப்படாது, மாஸ்டர்."

நாற்பது வயது தாண்டிய ஒரு கத்தோலிக்கனுக்கு மீன் வாங்க உரிமை இல்லையா? கத்த வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "ஊசி போட்டிட்டன் நானா. என்ர பிழை. இன்னும் இருவது நிமிசத்தில சாப்பிடாட்டி அவர் செத்துப்போவார்."

நானா என் முகத்தைப் பார்த்தார். ரின்னை எடுத்தார், கடையைப் பூட்டினார். "வாங்க. நானே வந்து குடுக்கிறன். ரின் என்ர கையிலதான் இருக்கும்." நம்பவில்லை, பாருங்கள்! அந்தப் பெரிய உடம்பைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, ஏப்ரல் வெயிலில், ஒருசந்தி வயிற்றோடு மிதித்தேன்.

ஓவசியர் விறாந்தையில் ஒருக்களித்துக் கிடந்தார். காதில் குத்தினேன். ஐம்பத்தெட்டு. நானா மெசினைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், "யா அல்லாஹ்" என்று தானே ரின்னை வெட்டித் தட்டில் கொட்டினார். ஓவசியர் தலையைத் தூக்கி முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். தின்னவில்லை.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். புதிதாக எதை வைத்தாலும், வீட்டு மனிதர் ஒருவர் அதே தட்டிலிருந்து எடுத்துத் தின்று காட்டினால்தான் வாய் வைப்பார். (பழக்கியது யார் என்று கேட்க வேண்டாம்.) இதை நானாவிடம் சொன்னேன்.

"அப்ப தின்னுங்க, மாஸ்டர்."

"நானோ? நீங்கள் தின்னுங்கோ, நானா!"

"எனக்குத் தண்ணிகூடக் கூடாது! அதோட அவர் என்னையோ பாக்கிறார்? உங்களையெல்லோ பாக்கிறார்!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண் மங்கிப் போயிருந்தது. நான் தரையில் முழந்தாளிட்டு ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டேன். அவர் கிட்ட வந்தார். போதாது. இரண்டாவது துண்டை நன்றாகத் தெரியும்படி, வாயைத் திறந்து திறந்து மென்றேன். "இன்னும் ஒரு வாய், மாஸ்டர்! இன்னும் ஒரு வாய்!" என்று நானா உற்சாகத்தில் கத்தினார்.

அவர் கத்தியது ஒலிபெருக்கியிலும் கேட்டது. ஏனென்றால் படலை ஆவென்று திறந்திருந்தது. படலையடியில் சிலுவை நின்றது, ஒலிவாங்கியோடு பாதர் நின்றார், பின்னால் தெரு முழுக்கச் சனம் நின்றது. முன்வரிசையில் மெற்றில்டா. ஒன்பதாம் நிலை, ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற இடம். வாசகர் வெள்ளை வேட்டியில் எண்ணெய் வடிய, இரண்டு கன்னமும் உப்ப, மூன்றாவது துண்டோடு இருந்தார்.

"பூனைக்கு..." என்றேன். மீன் துண்டு ஒன்று விழுந்தது.

தட்டுப் பக்கம் ஒரு சத்தம். ஓவசியர் தட்டுக்குள் தலையை விட்டு, சளக் சளக் என்று தின்றுகொண்டிருந்தார். மெற்றில்டா அழத் தொடங்கினாள். நானா இரண்டு கையையும் மேலே ஏந்தினார்.

பாதர் மெல்ல உள்ளே வந்தார். "சாப்பிட்டுதோ?" என்று கேட்டார்.

"நானோ, பாதர்?"

"பூனை."

"சாப்பிட்டுது, பாதர்."

"சரி. வாயைத் துடைச்சுப்போட்டு வந்து வாசியுங்கோ."

வாசித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து அவருக்கு நூற்றிருபத்தாறு. எனக்கு மானம் ஒன்றும் மிச்சமில்லை. அன்றிலிருந்து ஒருசந்தி அறிவித்தல்கள் எதுவும் என்னிடம் தரப்படவில்லை. வீட்டில் யாராவது கறியைப் பார்த்து முகம் சுளித்தால், "அப்பா, தின்று காட்டுங்கோ" என்கிறாள் மகள். அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு பெரிய வெள்ளியும் ஒன்பதாம் நிலையில் பாதர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "சாப்பிட்டுதோ?" என்று என்னைக் கேட்பார். "சாப்பிட்டுது, பாதர்" என்று நான் சொன்ன பிறகுதான் செபம் தொடங்கும். சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். பாதர் மாறிப் போனார், புதுப் பாதர் வந்தார். அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்! ஆண்டவருடைய பாடுகளின் நடுவில் இது என்ன பகிடி என்று நான் சபைக் கூட்டத்தில் எழுத்தில் முறையிட்டேன். முறைப்பாடு வாசிக்கப்பட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த வருடம் தை மாதத்தில் ஓவசியர் போய்விட்டார். வயதுதான் காரணம். கடைசிக் காலமை பார்த்த சுகர் நூற்றுப் பத்து, வரைபுத்தாளில் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை வழக்கம்போல எங்கள் படலையடிக்கு வந்தது. நான் புத்தகத்தோடு காத்திருந்தேன். பாதர் என்னைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் செபத்தைத் தொடங்கப் போனார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவு வருடமும் கேட்டுக் கேட்டு என் மானத்தை வாங்கிவிட்டு, இன்றைக்கு மட்டும் என்ன மரியாதை?

புத்தகத்தை மூடினேன். வாசிக்கவில்லை. கடைசியில் பாதர் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, தயங்கித் தயங்கி, "சாப்பிட்டுதோ, மாஸ்டர்?" என்றார்.

"நல்லாச் சாப்பிட்டுது, பாதர்" என்றேன்.