ஓங்கலுக்கு இரண்டாம் சாட்சி

தண்ணீரில் கால் நனைக்காமலே இருபது வருடம் நீச்சல் பழகிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் புதுச்சேரியில், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில், எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவருடைய கனவு பாழாய்ப் போனதில் என் பங்கு கணிசமானது.

முத்திரை முசியே என்றால்தான் ஊருக்குத் தெரியும்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அலுவலகத்து முத்திரை அவருடைய கோட்டுப் பையில்தான் குடியிருக்கும். பிரெஞ்சுக் கொடி இறங்கிய சமயத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கொடி மாறியது, பெரிய அதிகாரி மாறினார், மை பாட்டில்கூட மாறியது. முசியேயின் சட்டம் மட்டும் மாறவில்லை. இரண்டு பேர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடாத எதுவும் இந்த உலகத்தில் நடக்கவே இல்லை. அதுதான் சட்டம்.

உழவர்கரையிலிருந்து ஒரு விவசாயி, பிறந்து ஐந்து நாளான பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்து வந்தார். அது கட்டடமே அதிரக் கத்தியது.

“சாட்சி எங்க?” என்றார் முசியே.

“ஐயா, புள்ளையே கத்துதே.”

“கத்தறது காதுல வுழுது. பொறந்தத யாரு பாத்தாங்க?”

விவசாயி போய்க் கள்ளுக்கடையிலிருந்து இருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். முசியே பேனாவை மூடி வைத்துவிட்டு, நலம் விசாரிப்பதுபோல் கேட்டார்: “புள்ள பொறந்தப்ப மழ எந்தப் பக்கத்துலேந்து அடிச்சிது?”

“மேக்கால,” என்றார் ஒருவர். “தெக்கால,” என்றார் மற்றவர்.

“அன்னிக்கு மழயே இல்ல. போயிட்டு வாங்க.”

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. ஓங்கல்களோடு சேர்ந்து நீந்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் டால்பின் என்று படித்தோமே, அதற்கு நம் குப்பத்தில் ஓங்கல் என்று பெயர். வாலிபத்தில் சைகோனில் குமாஸ்தாவாக இருந்துவிட்டுக் கப்பலில் திரும்பும்போது அவர் அவற்றைப் பார்த்திருக்கிறார். கப்பலோடு பந்தயம் வைத்து ஓடிய கூட்டத்தில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்து நின்ற இவரை ஏறிட்டுப் பார்த்ததாம்.

“அதுக்கு என்ன இப்போ?” என்றேன்.

“ஒருத்தர் மனு குடுத்தா பதில் போடணுமா, வேணாமா? முப்பது வருஷமா பதில் போடாம வச்சிருக்கேன்டா.”

பதில் போட நீச்சல் வேண்டும். அதற்காக ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வாங்கியிருந்தார். முதலில் தரையில் பழகு, பிறகு தண்ணீரில் இறங்கு என்பது அதன் போதனை. முசியே முதல் பாகத்திலேயே இருபது வருடம் தங்கிவிட்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தை அடைத்ததும் பெஞ்சில் குப்புறப் படுப்பார். புத்தகம் கீழே தரையில் விரிந்திருக்கும். கையும் காலும் காற்றைக் கிழிக்கும். பக்கத்தில் நின்று நான் “அன், தே, த்ருவா” என்று எண்ண வேண்டும். அரசாங்கம் என்னை எதற்காகப் படிக்க வைத்ததோ, அந்த வேலையை அப்போது சரியாகச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் கதவைத் தாழிட மறந்துவிட்டேன். முதலியார்பேட்டை அம்மாள் ஒருத்தி, புருஷன் இறந்ததைப் பதிய வந்தவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். கோட்டுப் போட்ட மனிதர் பெஞ்சில் வெட்டி வெட்டி இழுக்கிறார். நான் பக்கத்தில் நின்று மந்திரம் சொல்கிறேன்.

“அடப்பாவி, வலிப்பு வந்து கெடக்கறாரு, வேடிக்க பாக்கறியே,” என்று என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி முசியேயின் கையில் திணித்தாள். வலிப்புக்கு இரும்பு என்பது அவள் கண்ட வைத்தியம். கையில் கனம் ஏறியதும் வீச்சுத் தடுமாறி முசியே நின்றார். “பாத்தியா, இரும்பு பட்டதும் அடங்கிடுச்சி,” என்றாள். முசியே எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “சாட்சி கூட்டியாந்தியாம்மா?” என்று கேட்டார்.

அறுபத்திரண்டாம் வருடத்தில் முசியே ஓய்வு பெற்றார். அவருடைய ஒரே மகள், பிரெஞ்சுப் படையில் இருந்த கணவனோடு பிரான்சுக்கு நடுவில் ஏதோ ஓர் ஊரில் இருந்தாள். தனியாகக் கிடக்க வேண்டாம், புறப்பட்டு வாருங்கள் என்று கப்பல் சீட்டே அனுப்பிவிட்டாள். முசியே தேசப்படத்தை விரித்து, அந்த ஊரிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்தார். இரண்டு பக்கமும் விரல் எட்டவில்லை. படத்தை மடித்தார்.

“கப்பலுக்கு எட்டு ஞாயித்துக்கெழம இருக்கு,” என்றார். “நீ ஒரு சாட்சி. இன்னொரு ஆளு பாரு.”

வைத்திக்குப்பத்துக் கோவிந்து கிடைத்தார். கட்டுமரம் வைத்திருந்தவர். அவருடைய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முத்திரை குத்தியது முசியேதான் என்பதால் மறுக்க முடியவில்லை. “வலய கிழிக்குதுன்னு ஓங்கல நாங்க தொரத்திக்கினு இருக்கோம். இவரு தேடிக்கினு போறாரு,” என்று மட்டும் சொன்னார். கட்டுமரத்தில் செருப்புக் கால் படக்கூடாது. கோட்டோடும் பூட்சோடும் வந்து நின்ற முசியே பூட்சைக் கழற்றினார். கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். அரசாங்கப் பதில் ஆயிற்றே.

ஏழு ஞாயிறு கடலுக்குப் போனோம். ஏழு ஞாயிறும் ஓங்கல் வரவில்லை. நான் மட்டும் கடலில் தவறாமல் வாந்தியெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கரையேறும்போது முசியே சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, நனையவில்லையே என்று பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைப்பார். அவரே தயாரித்த சான்றிதழ். ‘ஓங்கல்களுடன் நீந்தினார்’ என்று எழுதி, கீழே இரண்டு சாட்சிக்கு இடம் விட்டு, முத்திரைக்கு வட்டமும் வரைந்திருந்தார்.

எட்டாவது ஞாயிறு. சூரியன் எழும்பி ஒரு முழம் ஏறியபோது கோவிந்து துடுப்பை நிறுத்தினார். “வருது.”

முசியே எழுந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பெஞ்சு அவருக்கு எல்லாம் கற்றுக் கொடுத்திருந்தது, மிதப்பதைத் தவிர. நேராக உள்ளே போய்விட்டார். கயிறு விறைத்தது. தலை ஒருமுறை மேலே வந்தது. மறுபடி உள்ளே போனது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. கட்டையைக் கட்டிப் பிடித்து, மணக்குளத்துப் பிள்ளையாரைக் கூப்பிட்டு, முசியேயின் மகளுக்கு என்ன கடிதம் எழுதுவது என்று முதல் வரி யோசித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கண்ணைத் திறந்தபோது முசியே கட்டுமரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கடல் சும்மா கிடந்தது. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“யம்மாடி,” என்றார் கோவிந்து. “நாலு வீச்சு போட்டாரு. ஓங்கலு பக்கத்துலயே ஒரசிக்கினு போச்சி.”

முசியே என்னைத்தான் பார்த்தார். “பாத்தியா?”

“பாத்தேன் முசியே.”

“எத்தினி?”

“மூணு.”

“எந்தப் பக்கத்துலேந்து வந்துது?”

“வடக்கால.”

கோவிந்து தலையைக் குனிந்துகொண்டார். முசியே என் மேலிருந்த கண்ணை எடுத்தார். கள்ளுக்கடை ஆட்களிடம் சொன்னதுபோல், போயிட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. மரத்தின் மேல் ஏறி, கோட்டைப் பிழிந்தார்.

“ரெண்டு,” என்றார். “கெழக்கால.”

கரை சேர்ந்ததும் முசியே காகிதத்தை எடுத்தார். மணலில் உட்கார்ந்து கோவிந்துவின் கட்டைவிரலில் மை தடவி முதல் இடத்தில் ரேகை வாங்கினார்.

“இதுல போயி என்ன முசியே, நீங்க நீந்தனது நெசந்தானே. நான் போடறேன், குடுங்க,” என்றேன்.

“ஒரு சாட்சி செல்லாதுடா. நடக்கல,” என்று சொல்லிக் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அந்த வாரமே கப்பல் ஏறினார்.

அங்கிருந்து எனக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. ஊரில் ஒரு குளம் இருக்கிறது, அதில் வாத்து இருக்கிறது, வாத்து யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். அடுத்த கடிதம் அவர் மகளுடையது. அவர் இறந்ததற்கு அங்கே இரண்டு சாட்சி சுலபமாகக் கிடைத்திருக்கிறார்கள்.

காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கோவிந்துவின் ரேகை மங்கவில்லை. அடுத்த இடம் காலி. பலமுறை பேனாவை எடுத்து மூடி வைத்திருக்கிறேன். போட்டால் எங்கிருந்தாலும் கண்டுபிடித்து விடுவார். ஆனால் மறுபடி ஒருமுறை கேட்டால், இந்தத் தடவை தடுமாற மாட்டேன்.

ரெண்டு, முசியே. கெழக்கால.