வளர்ற பைப்பு

ஒரு காட்டில், அதாவது ஆறு கடல்ல போய்ச் சேர்ற எடத்துல, சேறும் தில்லை மரமுமா நிக்கிற ஒரு காட்டில், ஒரு எருமை இருந்துச்சு. பேரு பக்கிரிசாமி. மத்த கதையில எருமைன்னா யாரோ ஒரு எருமை. இதுல நான்தான்.

நாங்க குடியிருந்தது ஒரு திட்டு. சுத்திலும் உப்புத்தண்ணி, நடுவுல கொஞ்சம் மேடு. நரி, உடும்பு, நண்டு, எல்லாரும் அந்த மேட்டை நம்பித்தான் இருந்தோம். மேக்கேருந்து ஆத்துல தண்ணி வர்றது நின்னுபோச்சு. எனக்குப் படுக்க ஒரு குட்டை வேணும். அதனால எரநூறு அடிக்கு ஒரு போர் போட்டேன். மோட்டாரைத் தட்டுனா நல்ல தண்ணி. கழுத்து வரைக்கும் முழுகிக் கிடந்தேன். அதைப் பார்த்து நரி போட்டான், உடும்பு போட்டான். உடும்புக்கு எதுக்குத் தண்ணின்னு அவனுக்கே தெரியாது.

போர் போட்டப்ப இரும்புப் பைப்பு தரைக்கு மேல ஒரு சாண்தான் நின்னுச்சு. ஆறு மாசத்துல என் முழங்கால் ஒசரம். வருசம் திரும்புறப்ப கொம்புக்கு வந்துருச்சு. பைப்பைச் சுத்திக் கட்டுன சிமெண்டு மேடை அந்தரத்துல தொங்குச்சு. நிழல் கெடச்சுதேன்னு அதுக்கு அடியில தலையை வச்சுப் படுத்துக்கிட்டேன்.

நரி சிங்காரவேலு சுத்திச் சுத்தி வந்து பார்த்தான்.

"என்னண்ணே, பைப்பு வளருது?"

"ராசியான கை போட்டதுடா."

"உரம் ஏதாவது?"

"சாணிதான். சொந்தச் சாணி."

நான் சும்மா இருக்கல, ஆராய்ச்சியும் பண்ணுனேன். மோட்டார் ஓடுற மாசம் பைப்பு வளருது. கரண்டு இல்லாத மாசம் அப்படியே நிக்கிது. ஆக, மோட்டார் ஓட ஓட பைப்பு வளரும். இதைக் கண்டுபிடிச்ச மொத எருமை நான்தான். எல்லாரையும் கூப்பிட்டு, மோட்டாரை நிறுத்தாம ஓடவிடச் சொன்னேன். பைப்புக்கெல்லாம் மாலை போட்டோம்.

நண்டு வேதாம்பா மட்டும் மாலை போட வரல. கொடுக்கைக் கட்டிக்கிட்டு வளை வாசல்லயே நின்னா.

"அண்ணே, பைப்பு வளரல. நாம எறங்குறோம்."

"போம்மா. நான் எறங்குனா எனக்குத் தெரியாதா? அறுநூறு கிலோ ஒடம்பு."

"எல்லாரும் சேர்ந்து எறங்குனா எப்படித் தெரியும்? நான் மண்ணுக்குள்ள குடியிருக்கிறவ. களிமண்ணுக்குள்ள இருக்கிற தண்ணிதான் இந்தத் திட்டைத் தாங்கிப் புடிச்சிருக்கு. நீங்க உறிஞ்ச உறிஞ்ச மண்ணு அமுங்குது. பைப்பு அடியில கெட்டி மண்ணுல ஊனி நிக்கிது, அது எங்க போகும்? வர்ற அமாவாசை ஓதத்துக்குக் கடலு திட்டு மேல ஏறிடும்ண்ணே. மோட்டாரை நிறுத்துங்க."

"ஒனக்குப் பைப்பு இல்லைங்கிற வயித்தெரிச்சல்" ன்னான் சிங்காரவேலு.

நானும் தலையாட்டுனேன். ஆனா அன்னிக்குக் காலையில குட்டைத் தண்ணி லேசா உப்புக் கரிச்சுது. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. மொத போர் என்னோடது.

வேதாம்பா தொல்லை தாங்காம, வந்து அளந்து பார்க்கச் சொல்லி ஒரு மனு போட்டோம். சர்வேயர் கலியபெருமாள் வந்தாரு. நாரை. ஒத்தக்கால்ல நின்னு ஃபாரத்தைப் பிரிச்சாரு.

"பைப்பு ஒசரம்?"

"அஞ்சடிங்க."

"போட்டப்ப?"

"ஒரு சாண்."

"வளர்ச்சி" ன்னு டிக் அடிச்சாரு.

"அய்யா, தரை எறங்குனதையும் எழுதிக்குங்க" ன்னா வேதாம்பா.

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா." அலகைச் சொறிஞ்சுக்கிட்டு யோசிச்சாரு. "தரை எறங்கியிருந்தா மண்ணை யாரோ எடுத்திருக்கணும். இங்க மண்ணு தோண்டுறது யாரு?"

வேதாம்பா வளை வாசல்ல, அவ தோண்டுன மண்ணு உருண்டை உருண்டையாக் கிடந்துச்சு. மொதல்ல கொம்பை அந்தப் பக்கம் திருப்புனது நான்தான்.

அன்னிக்கே திட்டைக் காலி பண்ணச் சொல்லி அவளுக்கு உத்தரவு. ரெண்டு கொடுக்கையும் தூக்கிக்கிட்டு பக்கவாட்டுலயே நடந்து போனா. போறப்ப, "அமாவாசைக்கு மேடான எடமாப் பார்த்துப் படுங்கண்ணே" ன்னு மட்டும் சொன்னா. அப்படி ஒரு எடம் இருந்தாத்தானே.

அமாவாசை வந்துச்சு. ஓதமும் வந்துச்சு, பட்டப்பகல்ல, எல்லாரும் பார்க்கப் பார்க்க. சிங்காரவேலு தில்லை மரத்துல தொத்துனான். உடும்பு அவன் தலை மேல. எனக்கு மரம் ஏற வராது. கழுத்து வரைக்கும் தண்ணி. எப்பவும் எனக்குப் புடிச்ச அளவுதான், உப்புதான் தோலைப் புடுங்குச்சு. வடிஞ்சா திட்டு தெரியும்னு மூணு நாளு நின்னேன். வடியல.

வேதாம்பா அலையோட நீந்தி வந்தா. அவளுக்கு என்ன, இப்ப ஊரு பூரா வீடு.

"நல்லாருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன்மா."

திட்டுல காஞ்ச எடம் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், என் பைப்பு தலை. அதுல வந்து கலியபெருமாள் எறங்குனாரு.

"பக்கிரிசாமி, ஜில்லாவுலயே நல்லா வளர்ந்த பைப்பு உன்னோடது. மொதப் பரிசு, இன்னொரு போர். எத்தனை அடிக்குப் போடலாம்?"

வேதாம்பா என்னைப் பார்த்தா. நான் தண்ணியைப் பார்த்தேன்.

"முந்நூறு போடுங்கய்யா" ன்னேன். "குட்டை உப்பாயிருச்சு."

நீதி: பக்கத்துல இருக்கிறவன் வளர்ந்துக்கிட்டே போனா வயித்தெரிச்சல் வேண்டாம், நாமதான் எறங்கிக்கிட்டு இருப்போம். எதுக்கும் அவனுக்கு ஒரு மாலை போட்டு வைங்க. கடைசியில புடிச்சுக்க அவன் ஒருத்தன்தான் மிஞ்சுவான்.