ராமையா மாமாவின் குறட்டையும் அறிவியல் தரவுக் காப்பகமும்

பயிற்சி கொடுப்பவர்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "பயப்படாதீர்கள், இது மிகச் சுலபம்" என்று நாங்கள் சிரித்துக்கொண்டு சொல்லும்போது, மேசைக்கடியில் எங்கள் கால்கள் தந்தியடித்துக்கொண்டிருக்கும். (சிரிப்பு அலுவலகம் கொடுத்தது. கால் சொந்தம்.)

அப்போது நான் கொழும்பில் ஓர் அறிவியல் தரவுக் காப்பகத்தில் ஒப்பந்த உதவியாளர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மழை, மண், இறப்பர் இலை நோய் என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்தெடுக்கும் விவரங்கள் அவர்களுடைய அலுமாரியிலேயே கரையானுக்கு இரையாகாமல், இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும்படி வைத்துக் காக்கும் இடம். அதன் பெருமை ஒன்றுதான்: ஒருமுறை வெளியிட்டதை அழிக்க முடியாது. இந்த வாக்கியத்தை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பொருள் தெரிந்து சொன்னேனா என்பது வேறு விஷயம்.

இரத்தினபுரியில் தோட்டப் பகுதிகளின் காலநிலை பற்றி ஒரு மாநாடு வந்தது. அங்கே கடை விரிக்க எங்களுக்கும் ஒரு ஸ்டோல் கிடைத்தது. பணிப்பாளர் நிலாந்தி மேடம் என்னைக் கூப்பிட்டு, "பயிற்சி வகுப்புகளை நீயே தனியாக நடத்து. நான் வந்து பார்ப்பேன். ஒழுங்காக நடந்தால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுகிறேன். சொதப்பினால், ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி என் மேசைக்கு வராதே" என்றார். அவர் எப்போதும் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல மெதுவாகத்தான் பேசுவார்.

எனக்கு அந்த வேலை நிலைக்க வேண்டும். ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் எங்கள் இறப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், நான் ஏதோ அமைச்சையே நடத்துகிறேன் என்று அம்மா ஏற்கெனவே அறிவித்து முடித்திருந்தார். திரும்பிப் போய் இறப்பர் பால் சேகரிக்கும் கொட்டகையில் வேலை கேட்டால், என்னை விட அம்மாதான் வெளியில் தலைகாட்ட முடியாமல் போவார்.

சாமான் ஏற்றிப்போக அலுவலகம் வண்டி தரவில்லை. "எங்க மாமாகிட்ட பட்டா லொறி இருக்கு" என்று, அந்தச் சின்னச் சரக்கு வண்டியை நம்பி வீரமாகச் சொல்லிவிட்டேன். ராமையா மாமா அம்மாவின் தம்பி. தோட்டத்துக் கோவில் பரிபாலன சபைத் தலைவர். அந்தப் பதவியை அவர் சட்டைக்கு மேலே அணிந்திருப்பார். சிங்களத்தை எங்கள் எல்லோரையும் விடச் சரளமாகப் பேசுவார். புதிதாக வந்த எந்தச் சாமானையும் சந்தனம், குங்குமம் வைக்காமல் இயக்க விடமாட்டார். எங்கள் வீட்டு மிக்ஸி, டிவி, காஸ் சிலிண்டர் எல்லாம் பொட்டோடுதான் இருக்கும்.

ருவான்வெல்லையில் கல்யாண வீடியோ எடுக்கிற கடையில் ஒரு பெரிய தொடுதிரையும் ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுத்திருந்தேன். ஸ்டோலில் அதை நிறுத்தியதும் மாமா பையைத் திறந்தார். தேங்காய், எலுமிச்சம்பழம், சந்தனம், கற்பூரம். காவலாளி ஓடிவந்து சிங்களத்தில், "மெத்தன கிந்தர பத்து கரன்ன பே" என்றார், இங்கே நெருப்புப் பற்றவைக்க முடியாதாம். மாமா கற்பூரத்தை விட்டுக்கொடுத்தார், சந்தனத்தை விட்டுக்கொடுக்கவில்லை. திரையின் மேல் மூலைகளில் வழித்து வைத்தார்.

படித்த பெண் அல்லவா, நான் தடுத்திருக்க வேண்டும். தடுத்தேனா? "வலது பக்கம் கீழயும் ஒண்ணு வைங்க மாமா. முக்கியமான பட்டன் எல்லாம் அங்கதான் வருது" என்றேன். (ஆண்டவன் அருள் சரியான இடத்தில் விழ வேண்டாமா?) மாமா மகிழ்ந்துபோய் அங்கே ஒரு பெரிய உருண்டையாகவே அப்பினார்.

மாநாடு தொடங்கியது. தோட்ட மக்களின் வாழ்வைப் பற்றி நாள் முழுக்கப் பேசப்போகிற அந்த மண்டபத்தில், தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நானும் மாமாவும் மட்டும்தான். அதிலும் மாமாவைப் பார்த்த ஒரு பேராசிரியர், கதிரை தூக்குகிறவர் என்று நினைத்து, "இங்கே நான்கு கொண்டுவா" என்று சிங்களத்தில் விரட்டினார். மாமா கதிரைகளைக் கொண்டுவந்து போட்டு, அதில் ஒன்றில் தானே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதே பேராசிரியர் எங்கள் ஸ்டோலில் இலவசப் பைகளை அள்ளிக்கொண்டே, "பல வருட மழை அளவு என்னிடம் இருக்கிறது. அதை நான் ஏன் ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். பையை மட்டும் ஊர் அவருக்குக் கொடுக்க வேண்டும் போலும்.

வகுப்புக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். நிலாந்தி மேடமும் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். கால்கள் தந்தியடிக்கத் தொடங்கின.

இங்கே என் மேதாவித்தனத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரும் மழை அளவையே காட்டிக் காட்டிச் சலிக்க வைக்கிறார்களே, நான் வித்தியாசமாகச் செய்வோம் என்று, பயிற்சிக்காக ஒரு புதுத் தரவைத் தயாரித்து வைத்திருந்தேன். தலைப்பு: தீபாவளிப் பகல்தூக்கத்தில் ராமையா மாமாவின் குறட்டை. போனில் பதிந்த ஒலி, அதன் அளவு, அன்று சாப்பிட்டது என்ன, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. "ஆட்டிறைச்சிக் கறிக்குப் பின் வீட்டார் வாசலுக்கு ஓடுகின்றனர்" என்று குறிப்புக்கூட எழுதியிருந்தேன். மாமாவின் முழுப் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே நீக்காமல் விட்டுவைத்தேன். வெளியிடுவதற்கு முன் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்குவது எப்படி என்று வகுப்பில் செய்து காட்டத்தான். மாமாவிடம் கேட்டேனா? பயிற்சித் தளத்தில் போட்டு உடனே அழிக்கப்போகிற விளையாட்டுத்தானே, எதற்குக் கேட்பது?

பயிற்சித் தளம் என்பது ஒத்திகை பார்ப்பதற்கென்றே இருக்கும் நகல். அன்று மண்டபத்து வைஃபையில் அது திறக்கவே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அசல் காப்பகத்தைத் திறந்துவிட்டேன். கடைசிப் பட்டனுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் போயிற்று என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒலிக்கோப்பை ஏற்றினேன். விவரங்களை நிரப்பினேன். "இப்போது கவனியுங்கள், பெயரை எப்படி நீக்குவது என்று காட்டுகிறேன்" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து, இரத்தினபுரிப் புழுக்கத்தில் இளகிப்போன சந்தன உருண்டை மெல்லக் கீழே வழிந்தது. தொடுவது விரலா சந்தனமா என்று அந்தத் திரைக்கு வித்தியாசம் தெரியாது. "வெளியிடு" என்ற பட்டனில் சந்தனம் போய் நின்றது. "உறுதியாகவா?" என்று திரை கேட்டது. "ஆம்" என்பதும் அதே இடத்தில்தான் வந்தது. சந்தனம் இன்னும் கொஞ்சம் வழிந்து, ஆம் என்றது.

நான் திரும்பிப் பார்த்தபோது, தரவு வெற்றிகரமாக வெளியாகிவிட்டது என்ற வாழ்த்துத்தான் இருந்தது. எங்கள் காப்பகத்தில் ஒலிக்கோப்பு வெளியானால் அது தானாகவே ஒருமுறை ஒலிக்கும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் வேறு. குறட்டை மண்டபத்தின் கூரை வரை போனது. பக்கத்து அறையில் உரையாற்றிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தியது எங்களுக்கே தெரிந்தது.

முதலில் சிரித்தது மாமாதான். "அடேயப்பா! எவன்டா இவன், லொறி எஞ்சின முழுங்குனவன்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அப்போது பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையிலிருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாக உரக்க வாசித்தார். மாமாவின் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். ஒருவர் கேட்டார்: "மிஸ், இதை எப்படி அழிப்பது?" காலையிலிருந்து நான் மார்தட்டிய வாக்கியத்தை இப்போது தரையைப் பார்த்துச் சொன்னேன்.

மேடம் என்னையும் மாமாவையும் ஓரமாகக் கூட்டிப்போனார். "இதை மறைத்துவைக்கலாம். ஆனால் ஊழியர் அனுமதியில்லாமல் ஒருவரின் விவரத்தை வெளியிட்டார் என்ற குறிப்பு அந்த இடத்தில் என்றைக்கும் இருக்கும். அதற்குப் பிறகு உன்னை வைத்திருக்க என்னால் முடியாது. இவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும் அப்படியே விடலாம்" என்றார்.

ஆக, என் வேலை ராமையா மாமாவின் கையில். ஊரே எழுந்து நின்று மரியாதை செய்யும் மனிதரை வைத்து, இரத்தினபுரி மண்டபம் முழுக்கச் சிரித்திருக்கிறது. சிரிக்க வைத்தவள் நான். "மாமா, நீங்க வேணாம்னா வேணாம். நான் வீட்டுக்கு வந்துர்றேன்" என்றேன்.

மாமா திரைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார்.

"ஏன் புள்ள, ஆட்டுக்கறிக்கு இவ்ளோ சத்தமா? உங்க மாமி சொல்றப்பல்லாம் பொய்யினு சண்ட போட்டேனே."

"மிஷின் சொல்லுது மாமா."

"இது எவ்ளோ காலத்துக்கு இருக்கும்?"

"எப்பவும் இருக்கும் மாமா."

"நான் போனதுக்கப்பறமும்?"

நான் தலையாட்டினேன். தூரத்தில் பேராசிரியர் இன்னொரு பையை எடுத்துக்கொண்டிருந்தார். மாமா அவரைக் காட்டி, "அந்தாளோட மழை இதுல இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. குடுக்க மாட்டேங்கிறாரு."

மாமா மேடத்தின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கம்பீரமாகச் சொன்னார்: "கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெறும் பெயர் போதாது. முன்னால் கோவில் பரிபாலன சபைத் தலைவர் என்று போட வேண்டும்."

மேடம் அன்று முதல்முறையாகச் சிரித்தார். அழிக்கத்தான் முடியாது, சேர்க்கலாம்; போட்டார்கள். இன்றும் அப்படித்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

மேடம் என்னை நிரந்தரமாக்க எழுதவில்லை, ஒப்பந்தத்தை மட்டும் நீட்டித்தார். மாமி அந்தப் பக்கத்தை அச்செடுத்து பிரிட்ஜில் ஒட்டினார். (அதிலும் மாமா பொட்டு வைத்தார்.) பிறகு ஒருநாள், நிரந்தரப் பதவிக்கு நேர்முகம் நடந்தது. "உங்கள் பெயரில் வெளியான தரவை யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் உள்ளே போன பட்டதாரிகள் எல்லோரும் இல்லையென்றே சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் ஆம் என்றேன். வெளிநாட்டில் தூக்கக் கோளாறுகளை ஆராயும் ஒரு மருத்துவர் தன் கட்டுரையில் ஒரு கோவில் தலைவரைச் சேர்த்திருந்தார்.

வேலை கிடைத்தது. அம்மா லயம் முழுக்க இனிப்புக் கொடுத்து, என் மகள் கண்விழித்துப் படித்த படிப்பு வீண்போகவில்லை என்று சொல்லிக்கொண்டு போனார். ருவான்வெல்லைக் கடைத்தெருவில் யார் அந்தப் பேச்சை எடுத்தாலும், மாமா இன்றுவரை லொறியை ஓரங்கட்டித் திருத்திவிட்டுத்தான் போகிறார்:

"அவ கண்ணு முழிச்சு ஒண்ணும் நடக்கலங்க. அது நான் தூங்கி வாங்கிக் குடுத்த வேல."