பொட்டலம் அண்ணன் போட்ட ஓட்டு

வைகையில் வெள்ளம் வந்தால் அதையும் பழைய பேப்பரில் மடித்து, நூல் சுற்றி, "கொண்டு போங்கண்ணே" என்று கையில் கொடுக்கக்கூடிய ஒரே மனிதர் மதுரையில் இருந்தார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று தெரியவில்லை. கோரிப்பாளையம் முழுவதற்கும் அவர் பொட்டலம் அண்ணன்.

நான் அப்போது தல்லாகுளத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். கோரிப்பாளையத்தில் ஒரு பாயின் மளிகைக் கடைக்கு மேலே மாடியறையில் குடியிருந்தேன். கீழே கடையில் கடுகும் வெந்தயமும் கட்டிக்கொடுப்பவர்தான் பொட்டலம் அண்ணன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அண்ணே என்பேன். எங்கள் ஊரில் தம்பியாக இருக்க யாருக்கும் நேரமில்லை.

சிக்கல் என்னவென்றால், அவர் கை கடையோடு நிற்காது. காகிதம் கிடைத்தால் போதும், மூலையைத் திருப்பி, வாயைச் செருகி, பொட்டலமாக்கிவிடும். ஒரு தடவை ஊருக்குப் போனபோது பஸ் டிக்கெட்டைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்; செக்கிங் இன்ஸ்பெக்டர் அதைப் பிரித்து முடிப்பதற்குள் செக்கானூரணி வந்துவிட்டது. ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்த நான் லீவு லெட்டரை அவரிடம் கொடுத்து அனுப்பினேன். பொட்டலமாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த எங்கள் மேலதிகாரி, ஏதோ கோயில் விபூதி என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பிரித்துப் படித்தார். கண்ணில் ஒற்றிய கடிதத்தை எப்படி மறுப்பது? லீவு கிடைத்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் கூட்டுறவுப் பண்டகசாலைச் சங்கத்துத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டாரே, அது அப்படி இல்லை. பெட்டியைக் கவிழ்த்தபோது சீட்டுகளுக்கு நடுவே கச்சிதமாக ஒரு பொட்டலம் விழுந்தது. எண்ண வந்த அதிகாரி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிரித்தால், ஈர மை எல்லாச் சின்னத்திலும் ஒட்டியிருந்தது. செல்லாத ஓட்டு என்று தள்ளிவிட்டார்கள். யார் போட்டது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கூடியிருந்த அத்தனை பேரும் திரும்பி அவரைத்தான் பார்த்தார்கள்.

தெரு பல நாள் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் எண்ணுனாய்ங்கண்ணே. என்னுதை மட்டும் ஓரமாத் தள்ளிட்டாய்ங்க. வெயில்ல வரிசையில நின்னேன், விரல்ல மை வச்சுக்கிட்டேன். கடைசியில நான் வரவே இல்லைங்கிற மாதிரி ஆயிருச்சே" என்றார். அப்போது எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பின் வார்டு கவுன்சிலர் தேர்தல் வந்தது. குடைச் சின்னத்தில் ஒருவர், தராசுச் சின்னத்தில் ஒருவர். இந்த முறை தன் ஓட்டை எண்ணியே ஆக வேண்டும் என்று பொட்டலம் அண்ணன் உறுதியாக நின்றார். பாய் குடைக்கு ஏஜெண்ட். எதிரே டீக்கடை மாயாண்டி தராசுக்கு ஏஜெண்ட். இரண்டு பேரும் தேர்தல் சண்டையில் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் கடை அடைத்ததும் அண்ணனுக்கு மடிக்கக் கற்றுக்கொடுக்க மட்டும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

நாள்காட்டித் தாளைக் கிழித்து, கடை முத்திரையைக் குத்தி, அண்ணன் கையில் கொடுப்பார்கள். முதல் மடிப்பு நேராக விழும். அடுத்த நொடி கை தன் வேலையைக் காட்டிவிடும்.

"யா அல்லா! மடிக்கச் சொன்னா கட்டுறியே!" என்று பாய் தலையில் கை வைப்பார்.

"இடது கையால மடிங்கண்ணே" என்றார் மாயாண்டி. இடது கை ஓர் இடதுகைப் பொட்டலம் கட்டியது.

கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. முதல் மடிப்பு விழுந்ததும் யாராவது "போதும்!" என்று கத்தினால், கை அப்படியே நின்றுவிடும். ஆனால் ஓட்டுப் போடும் மறைவுக்குள் போய் யார் கத்துவது? "நீயே மனசுக்குள்ள கத்திக்க. மை நல்லாக் காஞ்சதுக்கு அப்புறம் மடி" என்று பாய் முடித்துவிட்டார்.

எனக்கு வேறொரு அரிப்பு. இவர் யாருக்குப் போடப்போகிறார்? சோறு போடும் பாய்க்கா, டீ போடும் மாயாண்டிக்கா? அந்த மாதம் முழுவதும் துருவிப் பார்த்தேன்.

"ஓட்டைப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லக் கூடாதுண்ணே."

"உங்களுக்குத்தான் கல்யாணமே ஆகலையேண்ணே?"

"பின்ன எதுக்காகக் கல்யாணம் பண்ணிக்காம இருக்கேங்கிறீங்க?"

தேர்தல் அன்று காலையிலிருந்தே தூறல். பள்ளிக்கூடத்து வகுப்பறையில்தான் பூத். அண்ணன் சலவைச் சட்டையில் வந்தார். அவருக்குப் பின்னால் நான். சீட்டை வாங்கி மறைவுக்குள் போனவர் போனவர்தான். உள்ளிருந்து 'ஃபூ, ஃபூ' என்று ஊதும் சத்தம் மட்டும் கேட்டது. வரிசை முணுமுணுத்தது. திடீரென்று வெளியே வந்தார். சீட்டை மடிக்கவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு, நேராக அறையின் நடுவே வந்து ஃபேனுக்கு அடியில் நின்றார்.

அதிகாரி துள்ளி எழுந்தார். "என்னய்யா பண்றே?"

"மை காய மாட்டேங்குது சார். மழை ஈரம். கொஞ்ச நேரம் காத்துல காட்டிட்டு மடிச்சிருறேன்."

"ஓட்டை வெளிய காட்டக் கூடாதுய்யா! ஏஜெண்டுங்க பாத்திருந்தா இது செல்லாது. ரத்து பண்ணிருவேன்!"

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் செல்லாத ஓட்டு! நான் ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தேன். பாய் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். மாயாண்டி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"நாங்க யாரும் பாக்கல சார்" என்றார் மாயாண்டி சுவரிடம்.

"அல்லா சாட்சியா ஒண்ணும் தெரியல சார்" என்றார் பாய்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சீக்கிரம் மடிச்சுப் போடுய்யா" என்றார்.

அண்ணன் கையை இறக்கினார். காகிதம் மடியும் சத்தம் கேட்டதும், கண்ணை மூடியிருந்தவரும் சுவரைப் பார்த்திருந்தவரும் ஒரே குரலில் "போதும்!" என்று கத்தினார்கள். பூத்துக்கு வெளியே நின்ற போலீஸ்காரர் உள்ளே ஓடி வந்தார். அதற்குள் சீட்டு ஒரே மடிப்போடு பெட்டிக்குள் விழுந்துவிட்டது. அண்ணன் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்.

நானும் போட்டுவிட்டு வந்தேன். வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டே எனக்காகக் காத்திருந்தார்.

"எண்ணிருவாய்ங்கள்ல அண்ணே?"

"கட்டாயம் எண்ணுவாய்ங்கண்ணே."

கடைப் பக்கம் நடந்தோம். "நீங்க பின்னாடியேதானே நின்னீங்க. பாத்திருப்பீங்களே?" என்றார்.

உண்மையில் நான் பார்க்கவில்லை. ஒரு மாதமாகத் துருவிய விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் விரிந்து நின்றபோது, என்னவோ, நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "இல்லண்ணே, பாக்கல" என்றேன்.

"பாத்திருந்தாலும் ஒண்ணுமில்லண்ணே. நீங்கதானே" என்றார்.

அதைக் கேட்டபிறகு, அது குடையா தராசா என்று தெரிந்துகொள்ளும் ஆசையே எனக்குப் போய்விட்டது.