பீரோவுக்குப் பயந்த முதுகு

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவனுடைய இரும்பு பீரோவுக்கு ஈவு இரக்கமும் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கும்போது அத்தான்காரர் ஒரு முடிவுக்கு வந்தார்: தனக்கு முதுகுவலி.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் பொய் வலிக்காரர்களைப் பிடிப்பதுதான் அவருக்கு வேலை. இருபது வருஷ அனுபவம். காலையில் இடப்பக்கம் வலிக்கிறது என்பவன் மத்தியானம் வலப்பக்கத்தைப் பிடிப்பான், அங்கேதான் மாட்டுவான். அதனால் இடது உள்ளங்கையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். கள்ளனும் காவல்காரனும் ஒரே ஆளாக இருப்பதில் எவ்வளவோ வசதி.

"ஐயோ அம்மா!" என்று இடப்பக்கத்தைப் பிடித்தபடி சோபாவில் சரிந்தார்.

அந்தச் சோபாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருஷம் உட்கார்ந்தும் படுத்தும் அதன் நடுவில் தன் அளவுக்கு ஒரு பள்ளம் தோண்டியிருந்தார். அந்த வீட்டில் அவருக்கு வளைந்துகொடுத்தது அது ஒன்றுதான். அதன்மேல் அவருக்கு உயிர்.

"என்னங்க ஆச்சு?" என்று மனைவி ஓடி வந்தாள்.

"முதுகு. ஒண்ணையும் தூக்க முடியாது போலிருக்கு."

"நீங்க ஒரு துரும்பையும் தூக்க வேண்டாம். கிளம்புங்க, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

இவ்வளவு சுலபமா என்று அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பிசியோதெரபி டாக்டரம்மா குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். சொன்ன இடத்திலெல்லாம் அவர் ஒழுங்காக முனகினார்.

"வீட்ல எப்படி உக்காருவீங்க?"

"நேராத்தான்."

"நேரா சோபாவுக்குப் போவாரு," என்றாள் மனைவி.

"எவ்வளவு நேரம்?"

"ஆபீஸ்லேர்ந்து வந்தா சாப்பிடக் கூப்பிடற வரைக்கும். சாப்பிட்டா தூக்கம் வர்ற வரைக்கும். கால் டீப்பாய் மேல, இடுப்பு பள்ளத்துல, தலை போனுக்குள்ள."

"பர்ஸ் எங்க வைப்பாரு?"

"பின் பாக்கெட்ல. உள்ள பூரா பழைய ரசீது, செங்கல் கனம். அதுமேல ஒரு பக்கமா சாஞ்சு உக்காருவாரு."

"வாளி தூக்கும்போது முட்டிய மடக்குவாரா, இடுப்ப வளைப்பாரா?"

"எப்ப தூக்கினாருன்னு யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்."

டாக்டரம்மா தீர்ப்பு எழுதினார். "சோபாதான் எமன். அத மொதல்ல வெளிய அனுப்புங்க. இனி மர நாற்காலி. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கணும். ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது."

கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் விழுந்தது. தேனாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஒரு சிநேகிதனோடும் வேனோடும் வந்து இறங்கினான். முகத்தில் வலியை ஏற்றிக்கொண்டு அத்தான் சோபாவில் காத்திருந்தார். அவன் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி ஓரமாக நிறுத்திவிட்டுச் சோபாவை அசைத்துப் பார்த்தான்.

"இத எதுக்குடா ஆட்டறே?"

"அக்கா எனக்குக் குடுத்துட்டா அத்தான். உங்க முதுகுக்கு ஆகாதாமே."

"உன் ஹால்ல இது நுழையாதுடா!"

"நுழையும் அத்தான். புதன்கிழமையே அக்கா அளந்து சொல்லிட்டா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சுக்கிட்டு இருந்தா."

புதன்கிழமை. வலி வந்ததோ வெள்ளிக்கிழமை. இருபது வருஷ அனுபவத்தில் இப்படியொரு கேஸை அவர் பார்த்ததில்லை.

வலி இருந்தால் சோபா போகும். வலி இல்லையென்றால் பீரோ காத்திருக்கும். பீரோ ஒரு நாள் பாடு, சோபா ஆயுசுக்கும் வேண்டும். மானம் போனால் போகிறது என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"எனக்கு வலியே இல்ல! அத்தனையும் பொய்!" என்று கத்தினார். நம்பாமல் போய்விடுவார்களோ என்று குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். இரண்டு தடவை.

சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"நல்லதாப் போச்சு. ஒரு ஆள் குறையுதேன்னு பாத்தேன்," என்றாள். "சோபாவோட அந்த முனையப் பிடிங்க."