உறக்கத்துக்கு ஓவர்டைம்

கட்டுகஸ்தோட்டை,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகன் ஃபாஸிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே நாங்கள் சுகம். டோஹாவில் உன் சுகமும் மருமகள் றிப்தாவின் சுகமும் அறிய ஆவல். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. மூன்று ராத்திரியாக நான் கண் மூடவில்லை. வாட்ஸ்அப்பில் பேசினால் வீட்டில் வேலைக்கு நிற்கும் கிருஷாந்திக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் உன் உம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ பன்விலவிலிருந்து ஒழுங்கு செய்து தந்த பிள்ளை நல்லவள்தான், கை சுத்தம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து நான் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து, "ஹாஜியார், ராத்திரி வேலைக்கு ஓவர்டைம் வேணுங்க" என்றாள். என்ன ராத்திரி வேலை? பத்து மணிக்கு உம்மாவின் கட்டிலடியில் பாய் போட்டுப் படுக்கிறாள், ஆறு மணிக்கு எழும்புகிறாள். படுப்பதற்கும் சம்பளமா என்று கேட்டேன். "கூப்பிட்டா எந்திரிக்கணுமேன்னு படுக்கிறது தூக்கமாங்க?" என்றாள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். நீ எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டினேன்: பத்து முதல் ஆறு வரை ஓய்வு. இரண்டு தரம் வாசித்தாள். "சரிங்க, அப்ப ஓய்வு எடுக்கிறேன்" என்று, அன்றிரவே முன்அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து ராத்திரிக் கடமை என்னுடையது. முதல் ராத்திரி உம்மா ஐந்து தரம் கூப்பிட்டார்: தண்ணீருக்கு, தலையணைக்கு, பாத்ரூமுக்கு, கால் மரத்துப்போனதுக்கு, ஐந்தாவது நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க. இரண்டாம் ராத்திரி அவரைப் பக்கம் திருப்பப் போய் என் முதுகு பிடித்துக்கொள்ள, நானும் கட்டிலில் விழுந்து, விடியற்காலைச் சுபஹு பாங்கு வரை இரண்டு பேரும் அசையாமல் கிடந்தோம். "கிருஷாந்தியக் கூப்பிடுங்களே" என்றார். "அவக்கு இது ஓய்வு நேரம்" என்றேன். "அப்ப ஒங்களுக்கு இது என்ன நேரம்?" என்றார். மூன்றாம் ராத்திரி கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடவே இல்லை. ஆனாலும் இப்ப கூப்பிடுவாரா, இப்ப கூப்பிடுவாரா என்று என் காது மட்டும் விழித்தபடியே கிடந்தது, மகன். கூப்பிடாத ராத்திரிதான் ஆளைக் கொல்கிறது.

இதை வைத்து நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. முதுகு வேறு, கொள்கை வேறு. ஒரு சதம் கூட்டி அனுப்பக் கூடாது. இன்று உறக்கத்துக்குக் கொடுத்தால் நாளைக்குக் கொட்டாவிக்கும் கேட்பாள். நீயே கண்டிப்பாகச் சொல்லு. என்னைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், முக்கியமாக நல்ல உறக்கத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
வாப்பா நளீர்

பி.கு.: மகன், இது உம்மா எழுதுறேன். வாப்பா கையெழுத்துப் போட்ட கையோட மேசையிலேயே உறங்கிட்டார். கிருஷாந்திதான் கடிதத்த என்ட கட்டிலுக்குக் கொண்டுவந்து தந்தா. அந்தக் காலம் தேயிலைக் களஞ்சியத்தில ராக் காவலுக்கு இருந்தப்ப, சாக்கு மேல உறங்கின நேரத்துக்கும் சேத்துத்தான் இவர் முதலாளியோட சண்டை புடிச்சு ஓவர்டைம் எடுத்தார். "கள்ளன் வந்தா எழும்புறது நான்தானே" எண்டு செல்லுவார். ஒன்ட ஸ்கூல் செலவெல்லாம் அந்தக் காசுதான். கிருஷாந்திக்குச் சரியெண்டு நான் செல்லிட்டேன், மாசாமாசம் கூட்டி அனுப்பு. இப்ப வாப்பாவுக்கு பெட்ஷீட் போத்திட்டுப் போறா. அது பகல் வேலையாம், அதுக்கு ஓவர்டைம் இல்லையாம்.